கேமரா பெல்ட்டும் என் கழுத்தும்

எட்டு வருடமாக நான் கல்யாண வீடுகளிலும் சடங்கு வீடுகளிலும் படம் எடுக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம், சங்கரன்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துவந்த படங்களில் மணப்பெண்களின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா வந்து, வயதுக்கு வந்த தன் மகளின் சடங்குக்கு ஆம்பளை போட்டோக்காரர் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னார். ஸ்டூடியோ அண்ணாச்சி கடை முழுக்கக் கண்ணை ஓட்டிவிட்டு என் கையில் கேமராவைக் கொடுத்தார். இருந்த ஒரே பெண் நான்தான். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். பிறகு நானே ஒரு பழைய கேமரா வாங்கினேன். அண்ணாச்சி சொல்லும் வீடுகளுக்குப் போய் எடுத்துக் கொடுப்பேன்.

கேமராவோடு பெட்டியில் ஒரு பெல்ட் வந்தது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு நாடா. அதன் மேல் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில். சுமப்பவள் கழுத்தைப் பற்றி யோசித்ததைவிட, பார்ப்பவர் கண்ணுக்குத் தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்றுதான் அந்தக் கம்பெனி அதிகம் யோசித்திருக்கும். லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. காலை நாலரை மணிக்குக் கழுத்தில் மாட்டினால் மத்தியானப் பந்தி முடிகிறவரை அது இறங்காது. தாலிச் சங்கிலி அந்த நாடாவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வியர்வையில் சங்கிலி அழுந்தி அழுந்தி, கழுத்தின் பின்பக்கம் தோல் வழன்றுவிடும். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவினால் எரியும்.

ஒரு நாள் முடி பின்னும்போது இடது கையில் இரண்டு விரல்கள் இருப்பதே தெரியவில்லை. மரத்துப்போயிருந்தன. பெரியாஸ்பத்திரியில் கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் திருப்பி உட்காரவைத்து அழுத்திப் பார்த்தாள்.

"என்ன தூக்குதீங்க நீங்க? குடமா?"

"கேமரா."

"கழுத்துல தொங்கவிடாதீங்க. குறுக்கால போடுங்க. இல்லன்னா இந்தக் கை உங்களுக்கு உதவாது."

சரி என்று நீளமான பெல்ட் ஒன்று வாங்கிக் குறுக்காக மாட்டிக்கொண்டு ராயகிரியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனேன். கழுத்துக்கு எவ்வளவு சுகமாக இருந்தது! ஒரு மணி நேரம் அந்தச் சுகத்தோடு வேலை பார்த்தேன். அப்புறம்தான் பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவன் பேசியது காதில் விழுந்தது. மார்புக்கு நடுவில் போகிற அந்த நாடாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்:

"ஏலே, நாம கேமராவப் பாக்கதா, பெல்ட்டப் பாக்கதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் உள்ளே போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிச் சுருக்கி மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன யோசனை, மரத்துப்போன விரல்கள், எல்லாவற்றையும் விட நாற்காலியில் சாய்ந்து கிடந்த ஒருத்தன் வாய் பெரிதாகப் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவன் மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஓட்டினேன். கரிவலம்வந்தநல்லூரில் அந்தக் கல்யாணம் வரைக்கும்.

காலை முகூர்த்தம். மண்டபம் நிறைந்திருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். மணவறையின் இடது ஓரம், ஒரு முழங்காலை ஊன்றி, மாப்பிள்ளை கை மறைக்காத இடம். எனக்குப் பின்னால் பெண்ணின் சித்தப்பா தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். நல்ல உயரம், பட்டுச் சட்டை, தோளில் துண்டு. ஒரு தடவை "தள்ளும்மா" என்றார். ஒரு அடி தள்ளிக்கொண்டேன். அதற்கு மேல் தள்ளினால் மாப்பிள்ளையின் முதுகைத்தான் எடுக்க முடியும்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். நான் பட்டனை அழுத்தினேன். அந்த நேரம் என் பிடரிக்குப் பின்னால் ஒரு கை நுழைந்து பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"ஏட்டி, எத்தன தடவ சொல்லுதது? மறைக்காத, தள்ளு!"

கேமரா மேலே எகிறி வந்து என் புருவத்தில் இடித்தது. நாடா இரண்டு பக்கமும் தொண்டையை இறுக்கியது. அதோடு மாட்டிக்கொண்ட தாலிச் சங்கிலி முன்கழுத்தில் அறுத்தது. மூச்சு ஒரு நொடி நின்றது. மல்லாக்கப் போய் உட்கார்ந்தேன். மேலே இருந்து எல்லாரும் போட்ட அட்சதை என் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் ஒருத்தி கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தது. என் தாலி என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மேடையில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருத்தருக்கும் நான் விழுந்தது பெரிதாகத் தெரியவில்லை.

எழுந்து திரும்பினேன். சித்தப்பாவின் கை இன்னும் நாடாவில்தான் இருந்தது.

"கைய எடுங்க," என்றேன்.

"கூப்பிட்டாத் திரும்பல. பெறவு எப்படித்தான் ஒன்னத் திருப்பதாம்?" என்று சிரித்துக்கொண்டே விட்டார்.

"அதுக்காக கழுத்தப் புடிச்சு இழுப்பீங்களா?"

என் குரல் ஏறியதும் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். அவருக்கு அவர் கவலை. "ஏம்மா, நல்ல நேரத்துல சத்தம் போடாதம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும். படத்த எடு."

எடுத்தேன். புருவம் வீங்கி, தொண்டை எரிய எரிய, மாலை மாற்றியதையும் மெட்டி போட்டதையும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கவர் கொடுத்ததையும் மூன்று மணி வரைக்கும் எடுத்தேன். அந்தச் சித்தப்பா குடும்பத்தோடு மேடையேறி நின்றபோது, "சார் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லி அவரையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால், முதல் முடிச்சு இருக்கிறது. அதற்கு அடுத்த பதினோரு படங்களில் மண்டபத்தின் கூரையும் மின்விசிறியும்தான் இருந்தன.

இரண்டாம் நாளே அண்ணாச்சிக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. தாலி கட்டுகிற படம் சரியாக இல்லையாம். அதோடு, போட்டோ எடுக்க வந்த பெண் மணவறையில் சண்டை போட்டாளாம்.

நான் நடந்ததைச் சொன்னேன். முன்கழுத்தில் இருந்த காயத்தைக் காட்டினேன். அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மவுசைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, அவிய அப்படித்தான். பெரிய குடும்பம். ஒரு போனப் போட்டு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிரு. என்ன கொறஞ்சிரப் போற?"

"என்னைய இழுத்தவருகிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா, அண்ணாச்சி?"

"தொழில்னா அப்படித்தாம்மா."

"நான் கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி ஒருத்தன் கை என் பிடரிக்குப் பின்னால் போனால் அங்கே பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. இதுதான் நான் முதலில் முடிவு செய்தது. கழுத்தில் ஏறக் கூடாது. மார்புக்குக் குறுக்கே போகக் கூடாது. கேமரா கீழே விழவும் கூடாது. இந்த நாலும் ஒரே பெல்ட்டில் இருக்கிறதா என்று போனில் தேடத் தொடங்கினேன். தேடினால் வருவதெல்லாம் தாடி வைத்த ஆண்கள் மலை உச்சியில் நிற்கிற படங்கள். ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஒரு பெண் குனிந்து நிமிர்ந்தால், சேலை முந்தானையோடு மேடையேறினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

ஒன்றை வரவழைத்தேன். கேமராவின் அடியில், ஸ்டாண்டில் மாட்டுகிற ஓட்டையில், ஒரு திருகாணியை முறுக்கி அதில் தொங்கவிடுகிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குருவிகுளம் பக்கம் ஒரு காதுகுத்துக்கு அதை மாட்டிக்கொண்டு வண்டியில் போனேன். ரோட்டின் குலுக்கலில் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஊர் எல்லையில் நான் காலை ஊன்றி வண்டியை நிறுத்தவும் கேமரா நழுவி என் தொடையில் விழுந்தது. இரண்டு கையாலும் சேலையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். அந்தத் திருகாணியைக் கருவேலங்காட்டுக்குள் வீசி எறிந்தேன். எறிந்த பிறகும் ஆத்திரம் அடங்காமல் வண்டிச் சக்கரத்தை ஒரு உதை விட்டேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்து திருநெல்வேலியில் ஒரு பெரிய கேமராக் கடைக்கு என் வீட்டுக்காரரும் நானும் போனோம். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கேமராவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். கடைக்காரப் பையன் நேராக அவரிடம் போய் நின்றான்.

"சார், என்ன மாடல் வச்சிருக்கீங்க?"

"எனக்கில்லப்பா. இவதான் எடுக்கா. இவகிட்டச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மறுபடியும் அவரிடமே சொன்னான்: "மேடத்துக்குன்னா பிங்க் கலர்ல பூப்போட்டது ஒண்ணு இருக்கு சார். லேடீஸ் நெறைய வாங்குதாங்க."

நான் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, லென்ஸோடு, அவன் கையில் வைத்தேன். "இத ஒரு பத்து நிமிஷம் பிடி தம்பி. நான் உங்க பெல்ட்டப் பாக்கேன்." அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அங்கே இருந்த எல்லா பெல்ட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து இழுத்தேன். சிலவற்றில் மெத்தை நன்றாக இருந்தது, ஆனால் முனையில் பென்சில் அகலத்துக்கு ஒரு நூல்நாடா. அத்தனை பாரமும் அதில்தான். ஒன்றில் பொத்தானை அழுத்தினால் படக்கென்று கழன்றது. பின்னால் நிற்கிற எவன் கை பட்டாலும் கழன்றுவிடும். பையன் கை நடுங்க ஆரம்பித்ததும் வாங்கிக்கொண்டேன். எதையும் வாங்காமல் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஸ்கூல் பை தைக்க ஒரு அக்கா இருக்காங்கல்லா, அவங்ககிட்டக் கேட்டுப் பாரேன். பத்து பொஸ்தகம் தொங்குத பையவே அவங்கதான தைக்காங்க."

மறுநாளே போனேன். ஐம்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. ஒரு மிஷின், சுவர் முழுக்கத் தொங்குகிற பைகள், தரையில் சுருள் சுருளாக நாடா. என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி அவர் கேட்டார்:

"நீ எந்தக் கையால எடுப்ப?"

இத்தனை வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"வலது கை, அக்கா."

"எந்திரிச்சு நில்லு. எடுத்துக் காட்டு. குனி. உக்காரு. முழங்கால் போடு."

நான் அந்தக் கடைக்குள் இல்லாத கல்யாணத்தைப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் கூச்சமில்லாமல் என் தோளையும் அக்குளையும் அளவுநாடாவால் சுற்றி அளந்தார். சேலையோடு ஒரு அளவு, சுடிதாரோடு ஒரு அளவு என்று சொல்லி இரண்டு நாள் வரவைத்தார். முதலில் தைத்தது சரியாக வரவில்லை. தோளிலிருந்து சரிந்து முழங்கைக்கு வந்தது. அவர் என்னைவிடக் கோபப்பட்டு, தையலை எல்லாம் பிரித்துப் போட்டார்.

இரண்டாவது முறை அமைந்தது. நாலு விரல் அகலத்தில் பருத்தி நாடா, தோள் படுகிற இடத்தில் உள்ளே மெத்தை. அது வலது தோளில் மட்டும் உட்காரும். சரியாமல் இருக்க, அதிலிருந்து இன்னொரு சின்னப் பட்டை அக்குளுக்குக் கீழே சுற்றிப் போய் முன்பக்கம் மாட்டும். கேமரா வலது இடுப்போரம் தொங்கும். கேமராவின் இரண்டு தோளிலும் இருக்கிற வளையங்களில் நாடாவைக் கோத்து, மடக்கி, சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தையல். அதற்கு மேல் மணிக்கட்டுக்கு ஒரு வளையம். கழுத்தில் ஒன்றும் இல்லை. மார்புக்குக் குறுக்கேயும் ஒன்றும் இல்லை.

தைத்து முடித்ததும் அந்த அக்கா என் பின்னால் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. தோள் மட்டும் கொஞ்சம் திரும்பியது. தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

"இப்ப எவன் இழுத்தாலும் திரும்பி ஒரு அறை விடலாம்," என்றார். "கை ரெண்டும் சும்மாதான இருக்கு."

அன்றைக்குத்தான் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

இதற்கிடையில் அண்ணாச்சி கடையில் அந்தக் கரிவலம்வந்தநல்லூர்க் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலை என்னிடமே வந்தது. வீடியோ எடுத்தவர் எதிர்ப்பக்கம் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தார். அதனால் எல்லாம் அதில் இருந்தது. மாப்பிள்ளை குனிகிறார். பின்னால் பட்டுச் சட்டைக் கை நீளுகிறது. என் தலை பின்னால் போகிறது. வாய் திறந்திருக்கிறது. நான் விழுந்த பிறகும் அவர் நாடாவை விடாமல் மறு கையால் போனைப் பிடித்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்ட எடுத்திரு" என்றார். நான் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அந்தக் கல்யாணப் பெண்ணும் சித்தப்பாவும் வந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"தாலி கட்டுத படமே இல்லங்காவ. எதுக்கு இந்த வேலைக்குப் பொம்பளய அனுப்புதிய? ஒரு இடத்துல ஒழுங்கா நிக்கத் தெரியல."

பெரிய திரையில் அந்த இடத்தை ஓடவிட்டேன். சத்தத்தோடு. 'ஏட்டி, எத்தன தடவ சொல்லுதது' என்று அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி எழுந்து வந்து என் கையிலிருந்த மவுசைப் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ போடுங்க அக்கா," என்றாள். போட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்து, "நீங்க இழுத்தீங்களா? எங்ககிட்ட அவங்க தடுக்கி விழுந்துட்டாங்கன்னு சொன்னீங்க," என்றாள்.

"கல்யாணக் கூட்டத்துல ஆயிரம் நடக்கும்," என்று அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, எங்க வீடியோல அது வேண்டாம். வெட்டிருங்க." நீயுமா என்று நினைத்தேன். அவள் தொடர்ந்தாள்: "அந்தத் துண்ட மட்டும் எனக்குத் தனியா அனுப்புங்க. எங்க அப்பா இன்னும் நீங்கதான் சண்ட போட்டீங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க. அவங்ககிட்டக் காட்டணும்." அனுப்பினேன். காட்டினாளா, காட்டிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா என்னிடம் பேசவில்லை.

அண்ணாச்சி பேசினார். வாடிக்கையாளர் முன்னால் அதைப் போட்டது பெரிய தப்பு என்றார். இழுத்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் தொடர்ந்து வருகிறேன் என்றேன். அவர் சொல்லவில்லை. நான் போகவில்லை. இப்போது நானாகவே எடுக்கிறேன். முதல் நாலு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. சடங்கு வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் வேலை வருகிறது.

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போகிற வழியில், தலைக்கு வைக்கப் பூ வாங்க மார்க்கெட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அந்தச் சித்தப்பா எதிரே வந்தார். நெடுநாள் பழகியவர் மாதிரி நின்று, "என்னம்மா, நல்லாருக்கியா? தொழில்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"நல்லாருக்கேன். நீங்க இன்னும் எங்கிட்ட மன்னிப்பு கேக்கல," என்றேன்.

பூக்காரப் பெண் முழம் போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அட, இன்னுமா அதையே நெனச்சிட்டு இருக்க?"

"ஆமா. நெனச்சிட்டுத்தான் இருக்கேன்."

அவர் பக்கத்துச் சந்துக்குள் போய்விட்டார். நான் பூவை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். காது குத்துகிற ஆசாரி எட்டரைக்கே வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள்.